நமுனுகுல அடிவாரத்தில் நோய் நிர்ணயம்: பணம் கொடுத்தவர்களும் மருந்து குடித்தவர்களும் (1869–2022)

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில், இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். இலை பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனது. அங்கிருந்த துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு, பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லியிடம் அனுப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பூஞ்சைக்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரும் வைத்தாயிற்று. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இந்த ஒரு நோயை ஆராய்வதற்கென்றே வரவழைக்கப்பட்டு ஈராண்டு தங்கினார். அதே சரிவுகளில் கோப்பிப் பழம் பறித்தவர்களின் உடம்பில் என்ன நோய் என்று பார்க்க ஒழுங்கான ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதல் தனிச்சட்டம் 1872இல்தான் வந்தது.

நவீன மருத்துவம் தேவைக்கு அதிகமாக நோய்களைக் கண்டுபிடிக்கிறது, கண்டுபிடிப்பதே ஒரு வியாபாரமாகிவிட்டது என்ற விமர்சனம் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கிறது. இவான் இலிச் 1975இல் அதைக் கடுமையாக எழுதினார். கில்பேர்ட் வெல்ச் 2011இல் புள்ளிவிபரங்களோடு எழுதினார். இருவரும் மனதில் வைத்திருந்தவர், மருத்துவர் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் செல்வந்த நாட்டு நோயாளி. பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலவுக்கு ஏறும் பாதையின் இருபுறத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு இந்த விமர்சனத்தை அப்படியே தூக்கி வந்தால் பொருந்தாது. இங்கே நூறாண்டுக்கு மேலான முறைப்பாடு, நோய் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதுதான். ஆனால் நோய் விடுபட்டுப் போவதும், இல்லாத நோய்க்கு மருந்து குடிப்பதும் இந்த மலைகளில் அருகருகேதான் நடந்து வந்திருக்கின்றன. நோய் நிர்ணயத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அளவும் திசையும் மாறியதை இக்கட்டுரை பதுளை மாவட்டம் அடங்கிய ஊவா மாகாணத்தை முன்வைத்துப் பார்க்கிறது.

துரையின் கணக்கு

1872ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திய ஏற்பாட்டைத் தோட்டக்காரர்களின் மாவட்டக் குழுக்களிடம் விட்டது. செலவைத் தங்கள் மீதே விதித்துக்கொள்ளும் பொறுப்பை அவர்கள் எவ்வளவு உற்சாகமாக ஏற்றிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1880இல் அரசாங்கம் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்து, மாவட்ட வைத்திய அதிகாரிகளை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு அந்தச் செலவு ஏற்றுமதித் தீர்வையோடு இணைக்கப்பட்டது. 1912இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. ஒன்று மருத்துவத் தேவைகளுக்கு, மற்றது தொழிலாளரிடையே பரவும் நோய்களுக்கு. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது, யாருக்குச் சுகமில்லை என்று அறிந்து வைத்திருப்பது, கடுமையான நோயென்றால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆளனுப்புவது, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுப்பது எல்லாம் தோட்டத்துரையின் கடமைகள் என்று சட்டத்தில் எழுதியிருந்தது.

எழுதியிருந்தது என்பது முக்கியம். யாருக்குச் சுகமில்லை என்று முதலில் தீர்மானித்தது காலைப் பெரட்டு. கங்காணி ஆள் எண்ணுகிறான், ஒருத்தி வரவில்லை, காரணம் காய்ச்சல் என்கிறார்கள். அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சலா, சோம்பலா என்பது கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் வரும் முதல் கேள்வி. நாட்கூலி முறையில் வேலைக்கு வராதவளுக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய கூலி இல்லை. நோய் என்று ஒப்புக்கொண்டால் மருந்துச் செலவு, வைத்தியசாலைக்கு அனுப்பினால் அதற்கொரு செலவு, போக வர ஆட்கூலி. ஆகவே நோயாளி மீது சந்தேகப்படுவது துரைக்கு இலாபம். இன்றைக்கு மருத்துவச் சந்தேகவாதம் என்றால் மருத்துவரையும் மருந்துக் கம்பெனியையும் சந்தேகிப்பது என்றே புரிந்துகொள்கிறோம். தோட்டங்களில் அது பிறந்தபோது நோயாளியைச் சந்தேகிப்பதாகவே பிறந்தது. சாகும் தறுவாயில்தான் ஆட்களை அனுப்புகிறார்கள், அதனால்தான் எங்கள் வைத்தியசாலைகளில் சாவு விகிதம் இவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது அக்கால அரசாங்க வைத்தியர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன முறைப்பாடு.

வைத்தியர்கள் கண்டறிந்ததும் எப்போதும் சரியாக இருந்துவிடவில்லை. உடம்பு வெளிறி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, மெல்ல மெல்ல ஓய்ந்து போகும் தொழிலாளியின் நோய்க்கு என்ன பெயர் என்பதில் பெரிய குழப்பம் இருந்தது. தலைமை சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி 1887இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். இரத்தசோகை, பெரிபெரி என்ற இரண்டு பெயர்களையும் ஒரே நோய்க்கு வைத்து எழுதிய அறிக்கை அது. அந்த நோயாளிகளில் பலரின் குடலில் இருந்தது கொக்கிப்புழு. டுபினி இத்தாலியில் 1838இலேயே அதைக் கண்டிருந்தார். மண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து அது உடம்புக்குள் ஏறுகிறது என்பதை லூஸ் கெய்ரோவில் 1898இல் கண்டறிந்தார். வெறுங்காலோடு, மலசலகூடம் இல்லாத மலையில், மழைக்காலத்தில் வேலை செய்த ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒட்டுண்ணி இருக்க முடியாது.

எண்ணெய் குடித்த காலை

தோட்டங்களின் மருத்துவ வரலாற்றில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. நூறாண்டு கழித்து உலக மருத்துவ இதழ்கள் எழுப்பிய கேள்வி இங்கே முன்கூட்டியே எழுந்துவிட்டது.

ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916இல் இலங்கையில் கொக்கிப்புழு இயக்கத்தைத் தொடங்கியது. முதல் களம் மாத்தளைத் தோட்டங்கள். பின்னர் மற்ற மலையக மாவட்டங்களுக்கும் பரவியது. ஆரம்பத்தில் முறை ஒழுங்காகத்தான் இருந்தது. மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது, முட்டை தெரிந்தால் மருந்து கொடுப்பது, மறுபடி பார்ப்பது. ஆனால் பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முட்டை தெரிந்தது. எல்லோருக்கும் இருக்கிற ஒன்றை ஏன் ஒவ்வொருவரிடமும் தேட வேண்டும்? நுண்ணோக்கியை ஓரமாக வைத்துவிட்டு முழு லயத்துக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது வழமையாயிற்று. நோய் நிர்ணயம் தனி ஆளிடமிருந்து கழன்று, ஒரு கூட்டத்தின் மீது போர்த்தப்பட்டது.

அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போதைய சிகிச்சை முறையிலிருந்தே அறியலாம். முதல் நாள் இரவு சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், பேதி மருந்து குடிக்க வேண்டும். விடிந்ததும் வெறும் வயிற்றில் கெனப்போடியம் எண்ணெய். மூக்கைத் துளைக்கும் நெடி. இடைவெளி விட்டு இன்னொரு முறை. அதற்குப் பிறகு எப்சம் உப்பு கரைத்த தண்ணீர். வயிறு சுத்தமாகும் வரை சாப்பாடு இல்லை. தலை சுற்றும், காது இரையும். அளவு தப்பினால் செவிடாகவும் ஆகலாம், சாகவும் கூடும். சில நாள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. மருந்தின் அளவு வயதுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. ஆனால் நாற்பது வயது என்று கங்காணி சொன்ன ஆளின் உடம்பில் நாற்பது வயதுக்குரிய சதை இருந்ததா என்பதை எண்ணெய் அறியாது. 1920களில் கெனப்போடியத்தின் இடத்துக்குக் காபன் டெட்ராகுளோரைட் வந்தது. உடுப்புகளை உலர்சலவை செய்யப் பயன்பட்ட, ஈரலுக்கு நஞ்சான திரவம் அது.

துரைமாருக்கு இந்த இயக்கம் ஏன் பிடித்திருந்தது என்பதில் மர்மம் இல்லை. புழு போனால் இரத்தம் ஊறும், இரத்தம் ஊறினால் வேலை கூடும் என்று ரொக்பெல்லர்காரர்களே வாதாடினார்கள். மலசலகூடம் கட்டுங்கள் என்று அவர்கள் சொன்னபோதுதான் உற்சாகம் வடிந்தது. மருந்து தலைக்கு இத்தனை சதம் என்று முடிந்துவிடும் செலவு. மலசலகூடம் கட்டினால் பராமரிக்கவும் வேண்டும். மருந்து குடித்தவன் மறுவாரமே அதே மண்ணில் கால் வைத்தான், புழு திரும்ப ஏறியது. சோமா ஹேவா 1995இல் வெளியிட்ட நூலில் இந்த முரண்பாட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டபோது, ஒரே நோயைத் துரத்தும் முறையை ரொக்பெல்லர் நிறுவனமே கைவிட ஆரம்பித்திருந்தது.

இதற்கிடையில் 1923இல் நோர்மன் ஸ்டோல் மலத்திலுள்ள முட்டைகளை எண்ணும் எளிய முறையொன்றை உருவாக்கினார். எண்ணிப் பார்த்தபோது அதுவரை கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்த்து வைத்திருந்த ஆட்கள் பிரிந்து நின்றார்கள். பெரும்பாலானவர்களுக்குப் புழுக்கள் கொஞ்சம், அவர்களுக்கு நோயென்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சிலருக்கு மட்டும் மிக அதிகம்; இரத்தம் வற்றியது அவர்களுக்குத்தான். புழு இருப்பது வேறு, புழுவால் நோயுற்றிருப்பது வேறு என்ற இந்த முடிவு, மிகை நோய் நிர்ணயத்தைப் பற்றி இன்று பேசப்படுவனவற்றின் மையம். அதை நுண்ணோக்கியும் கண்ணாடித் துண்டும் வைத்து நிறுவியவர்கள் மருத்துவத்தின் எதிரிகள் அல்ல. இன்றைக்குப் புற்றுநோய்க் கட்டி, கழலை முடிச்சு, இரத்தத்தில் சீனி என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டு நிறுத்துவது மாறவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரத்தம் வற்றியவளுக்குக் கெனப்போடியம் உயிர் கொடுத்தது. எல்லோருக்கும் ஊற்றியது தவறு என்பதால் எவருக்கும் ஊற்றியிருக்கக் கூடாது என்று ஆகாது.

பிபிலையின் பட்டியல்

1930களிலிருந்து 1960கள் வரையிலான காலத்தை இங்கே விரைவாகக் கடக்கலாம். இலவச அரசாங்க மருத்துவம் நாடு முழுவதும் வேர்விட்ட காலம் அது. கிராமத்துக்கு வந்த மருத்துவிச்சியும் தாய்சேய் கிளினிக்கும் தோட்ட எல்லையில் நின்றுவிட்டன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களின் உடம்பு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த டிஸ்பென்சர்தான் டொக்டர் ஐயா. அவரிடமிருந்த போத்தல்கள் சில; அவர் எழுதும் துண்டு இல்லாமல் வெளி வைத்தியசாலைக்குப் போவது கஷ்டம்.

மருந்தை வியாபாரத்திடமிருந்து மீட்க இந்த நாடு எடுத்த மிகத் தீவிரமான முயற்சி, ஊவாவின் பிபிலை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ஒருவரால் நடந்தது. பேராசிரியர் சேனக பிபிலே (1920–1977) மருந்தியலாளர். எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் எழுதிய அறிக்கையின் அடிப்படையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது, அவரே முதல் தலைவரானார். தனியார் துறை இறக்குமதி செய்த ஏறத்தாழ 2,100 மருந்து வகைகள் 600 ஆகக் குறைக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றுள் பல, ஒரே மருந்துக்கு வேறு வேறு கம்பெனிகள் ஒட்டிய வேறு வேறு லேபல்கள். சில, எந்த நோயையும் குணமாக்காத டொனிக்குகளும் கலவைகளும். வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் எழுத வைத்தார், உலகச் சந்தையில் விலை கேட்டு மொத்தமாக வாங்கினார்.

பிபிலே செய்ததைச் சிக்கனம் என்று சுருக்குவது அநியாயம். ஒரு கிளினிக்கில் மூன்று நிமிடம் கிடைக்கும் நோயாளிக்கு, மருத்துவரின் கையெழுத்துக்குப் பின்னால் விற்பனைப் பிரதிநிதியின் கை இருக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. 1974இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கூடுகளில் அடைத்துத் தரும்படி உள்நாட்டில் ஆலை வைத்திருந்த பைசர் கம்பெனியிடம் கேட்டார்கள். கம்பெனி மறுத்தது. குளிசைகளை அதிக விலைக்கு விமானத்தில் தருவிக்க நேர்ந்தது. அரசாங்கம் ஆலைமீது நடவடிக்கை எடுக்க நினைத்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரில் பேசினார். சஞ்சய லாலும் பிபிலேயும் 1977இல் எழுதிய கட்டுரை இதைப் பதிவு செய்கிறது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் பிபிலே கயானாவில் இறந்தார். அதே ஆண்டுதான் இலங்கையில் ஆட்சியும் மாறியது.

கொலரா வந்த அந்த 1974 தோட்டங்களில் பஞ்ச ஆண்டு. மாவும் அரிசியும் இல்லாமல், தோட்ட மக்களின் சாவு விகிதம் எகிறிய ஆண்டு. அப்படிச் செத்தவர்களின் மரணப் பதிவில் பட்டினி என்ற பெயர் விழுவது அரிது. இரத்தசோகை என்றோ வயிற்றோட்டம் என்றோ சுகவீனம் என்றோதான் விழும். கின்சி காலத்து வெளிறிய தொழிலாளிக்கு நடந்ததும் இதுதான். நோய் நிர்ணயம் தனி உடம்புக்குள் காரணத்தைத் தேடும்போது கூலியும் அரிசியும் அந்த உடம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிபிலேயின் பட்டியல் எவ்வளவு சீராக இருந்தாலும் இதற்கு அதில் மருந்து இல்லை.

சேனலிங் காலம்

1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தோடு இரண்டு கதவுகள் திறந்தன. தனியார் இறக்குமதியாளர்களுக்கு மருந்துச் சந்தை மறுபடி கிடைத்தது. அரசாங்க மருத்துவர்கள் கடமை நேரத்துக்குப் பிறகு தனியாக நோயாளிகளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். காலையில் பொது வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கும் அதே நிபுணரை மாலையில் காசு கொடுத்துச் சேனல் பண்ணலாம். இதைத் தீமை என்று மட்டும் எழுதிவிட முடியாது. மலைநாட்டு நகரங்களில் நிபுணர்கள் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நோய் நிர்ணயத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்விக்கு முதல் முறையாக வேறு விடை கிடைத்தது: நோயாளியே.

இடையில் 1980களின் கருத்தடைக் கதை ஒன்று உண்டு. சத்திரசிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த ஊக்கத்தொகை 500 ரூபாய் வரை உயர்ந்தது. நாட்கூலிக்குக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு அது பெரிய காசு. தோட்டப் பெண்களிடையே நிரந்தரக் கருத்தடை நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக உயர்ந்து நின்றதை இந்தத் தொகையை விட்டுவிட்டுப் பேச முடியாது. இங்கே நோயே இல்லை, சிகிச்சை மட்டும் இருந்தது.

1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போயின. நமுனுகுலவின் பெயரையே ஒரு கம்பெனி சூடிக்கொண்டது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கும் திட்டம் 1990களில் தொடங்கி இன்னும் முழுமை பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17. தோட்டத்துறையில் நூற்றுக்கு 32. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு பதுளை நகரத்துக்கு இறங்கலாம்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் தனியார் ஆய்வுகூடங்களின் இரத்தம் எடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. தனித்தனியாகச் செய்தால் இவ்வளவு, மொத்தமாகச் செய்தால் கழிவு என்று பரிசோதனைத் தொகுப்புகள் விற்பனைக்கு வருகின்றன. கொழும்பிலிருக்கும் மகனோ, மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகளோ அனுப்பிய காசில் அம்மாவுக்கு ஒரு புல் செக்கப் எடுப்பது இப்போது மலையகத்திலும் பாசத்தின் அடையாளம். வருகிற காகிதத்தை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்ப்போம். இடது பக்கம் பரிசோதனையின் பெயர், நடுவில் எண், வலது பக்கம் சாதாரண வரம்பு. வரம்புக்கு வெளியே போன எண் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு குறியோடு இருக்கும். அந்த வரம்பு எப்படி வந்தது என்று காகிதம் சொல்லாது. பொதுவாக, சுகமாக இருக்கும் ஆட்களைப் பரிசோதித்து, அவர்களில் நடுவிலுள்ள நூற்றுக்கு 95 பேரின் அளவுகளை வரம்பு என்று வைக்கிறார்கள். அதாவது சுகமாக இருப்பவர்களிலேயே இருபதில் ஒருவர் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 64. தொகுப்பு பெரிதாகப் பெரிதாக நோயில்லாமல் வெளியே வருவது கடினம்.

காகிதத்தைப் பார்த்து அம்மா பயப்படுகிறாள், மகன் பயப்படுகிறான். ஒரு சேனலிங். மருத்துவர் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஸ்கேன் எழுதுகிறார். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1,000 ரூபாயானது. சேனலிங்கும் ஸ்கேனும் வேன் கூலியும் அந்த ஒரு நாள் பேருக்குள் அடங்கா. கூட வந்தவருக்கும் அன்று பேர் இல்லை. ஆய்வுகூடமோ மருத்துவரோ பொய் சொன்னார்கள் என்பதல்ல இங்கே குற்றச்சாட்டு. எண் உண்மையானது. அந்த எண்ணைத் தேடத் தொடங்கியதற்கு இருந்த காரணம் நோய்க்குறி அல்ல, கழிவு விலை.

வரம்புகளும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 140 மில்லிகிராமாக இருந்த நீரிழிவின் வாசலை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் 126 ஆக இறக்கியது. நீரிழிவுக்கு முந்திய நிலையின் வாசலை 2003இல் 110இலிருந்து 100 ஆக இறக்கியது. கர்ப்பகால நீரிழிவுக்கு வெறும் வயிற்று அளவு 92 என்பது 2010க்குப் பிறகு சர்வதேச வரையறையானது. உயர் இரத்த அழுத்தத்துக்கு 130/80 என்று 2017இல் அமெரிக்க வழிகாட்டி சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுச் சான்று உண்டு, ஒவ்வொன்றையும் பற்றி நியாயமான வாதப் பிரதிவாதமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் முந்திய நாள் இரவு சுகமாகத் தூங்கப் போன பல இலட்சம் பேர் காலையில் நோயாளிகளாக எழுந்தார்கள். இலங்கையிலும் சீனி கூடியிருப்பது உண்மை. 2000களின் நடுப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வு வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றது. 2019–21இல் நடந்த இன்னொன்று நூற்றுக்கு 23 என்றது. இதை வெறும் வரம்பு விளையாட்டு என்று ஒதுக்குபவரோடு நான் உடன்படமாட்டேன். காலில் புண் ஆறாமல் பதுளை வைத்தியசாலை வாட்டில் விரலை இழக்கிறவர்கள் வரம்பால் நோயாளியானவர்கள் அல்ல.

தைரொயிட் கழலையின் கதை வேறு. தென்கொரியாவில் 1999க்குப் பிறகு மலிவு விலைக் கழுத்து ஸ்கேன்கள் பெருகின. 2011இல் தைரொயிட் புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. அதனால் இறந்தவர்களின் தொகையோ ஏறத்தாழ அசையவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும் முடிச்சுகளைக் கத்தி தேடிப் போனது என்பதுதான் இதற்குப் பொருள். இலங்கையிலும் பெண்களிடையே தைரொயிட் புற்றுநோய் வேகமாக ஏறி, மார்புப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தைப் பிடித்திருக்கிறது. கொரியாவில் நடந்ததே இங்கும் நடக்கிறதா என்று உள்ளூர் அறுவை மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நமுனுகுலப் பெண்ணைச் சேரும்போது அவள் கழுத்தில் ஏற்கெனவே தழும்பு இருக்கும், தினமும் தைரொக்சின் குளிசை இருக்கும்.

பதுளை மாவட்டத்தின் மறுமுனையில் கிராந்துருகோட்டை. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயின் முக்கிய மையங்களில் ஒன்று. இது மலையகத் தோட்டம் அல்ல, மகாவலிக் குடியேற்றத்து நெல்வயல். அங்கே நோய் உண்மையானது, சாவும் உண்மையானது. அந்த உண்மையான சாவைச் சுற்றித்தான் தண்ணீர் வடிகட்டி விற்பவர்களும், ஒருமுறை கிரியேட்டினின் பார்த்துவிட்டுப் போகும் நடமாடும் முகாம்களும் வளர்ந்தன. ஒருமுறை பார்த்த அளவு போதாது, மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்த்துத்தான் நாட்பட்ட நோய் என்று சொல்ல வேண்டும் என்பது சிறுநீரக மருத்துவத்தின் அடிப்படை விதி. முகாம் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வராது.

பரிசோதித்தவர் யார்

மருத்துவம் தேவையுள்ளவர்களுக்கு அது குறைவாகவே கிடைக்கிறது, சந்தை நுழையும் இடமெல்லாம் இந்த விதி இன்னும் கடுமையாகிறது என்று 1971இல் எழுதியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸில் கிளின்கொருக் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊரின் பொது மருத்துவர். சந்தை மருத்துவத்தின் பரம எதிரியான இவர்தான், நோய்க்குறி எதுவும் இல்லாதவர்கள் உட்படத் தன் ஊரில் வளர்ந்தவர்கள் எல்லோரின் இரத்த அழுத்தத்தையும் அளந்தவரும். தேடித் தேடி நோயைக் கண்டுபிடித்தார் என்றே சொல்லலாம். ஆனால் அளந்தவரே மருந்து கொடுத்தார், கொடுத்தவரே இருபத்தைந்து ஆண்டு அதே ஊரில் இருந்து பின்தொடர்ந்தார். பக்கத்து ஊரோடு ஒப்பிட்டபோது இளவயதுச் சாவு குறைந்திருந்தது. ஒரு எண்ணை அவர் விற்கவில்லை, அந்த எண்ணோடு குடியிருந்தார்.

2011இலிருந்து இலங்கை சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் தாளில் இந்த மாதிரியை ஒட்டியவை. நடுத்தர வயதினரை அழைத்து நிறை, அழுத்தம், சீனி பார்த்து, தேவைப்பட்டால் கிளினிக்குக்கு அனுப்புகின்றன, இலவசமாக. ஆனால் அவை திறந்திருக்கும் நேரம் கொழுந்து பறிக்கும் நேரம். நேரமும் பேரும் இழக்காமல் போகக் கூடியவர் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்தான். அதனால் மலையில் நிற்பவளின் அழுத்தம் அளக்கப்படாமலே இருக்கிறது. அவள் மாமியாரின் கொலஸ்ட்ரோல் மூன்று முறை அளக்கப்பட்டு மூன்று கோப்புகளில் இருக்கிறது.

2022இல் டொலர் தீர்ந்தபோது மார்ச் மாதம் பேராதனை வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். மருந்துகளை உயிர்காப்பவை, அத்தியாவசியமானவை, மற்றவை என்று வகைப்படுத்திய பட்டியல்கள் மறுபடி முன்னுக்கு வந்தன. எது இல்லாமல் ஆள் சாகும், எதை விட்டால் ஒன்றும் ஆகாது என்று வாட்டுகளில் நாளாந்தம் தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன்பு பிபிலே மருந்தியல் நூல்களை வைத்துக்கொண்டு, குழு அமைத்து, வாதாடிச் செய்த வேலை அது. இம்முறை அதை நாணயமாற்று வீதம் செய்தது. வைத்தியசாலைக்கு வெளியே அதை மக்களே செய்தார்கள். கிளினிக்கில் இல்லாத மருந்துகளை வெளியே வாங்கும்படி எழுதிய துண்டோடு பார்மசிக்குப் போனவர், அறுபது குளிசை எழுதியிருந்த இடத்தில் பத்துக் கேட்டார். ஐந்து மருந்து எழுதியிருந்தால் இரண்டை மட்டும் வாங்கினார். எந்த இரண்டு என்பதை மருத்துவரிடம் கேட்கவில்லை, பார்மசிக்காரரிடம் விலை கேட்டார். மலிவானவை வீட்டுக்கு வந்தன. அவை தேவையானவையாகவும் இருந்தனவா என்பதை எந்தக் கிளினிக் கொப்பியும் பதிவு செய்யவில்லை.